ஒரு மணி நேர வெயிலில் பதராகும் நெல்

நெல் பூப்பதை நின்று பார்த்தவர்கள் குறைவு. தொண்டைக் கதிர் வெளிவந்த ஓரிரு நாளில், காலை ஒன்பது பத்து மணிவாக்கில், கதிரின் நுனியிலிருந்து தொடங்கி உமிகள் ஒவ்வொன்றாக வாய் திறக்கும். ஆறு மகரந்தப் பைகள் நீண்டு வெடித்து, அதே பூவின் சூலகமுடியில் மகரந்தத்தைக் கொட்டும். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் உமி மூடிக்கொள்ளும். பிறகு அந்தப் பூ திறப்பதே இல்லை. உள்ளே சேர்க்கை நடந்திருந்தால் பால் பிடிக்கும், நடக்காவிட்டால் பதர்.

அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி 2007ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் எஸ்.வி. கிருஷ்ண ஜகதீஷும் அவருடைய குழுவினரும் நெற்பூக்களை அளந்து அளந்து சூடேற்றிப் பார்த்தார்கள். பூவின் திசு 33.7 டிகிரி செல்சியஸை எட்டி, ஒரு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ அந்தச் சூட்டில் இருந்தாலே மலட்டுத்தன்மை தொடங்கிவிடுகிறது என்று கண்டார்கள். 33.7 டிகிரியை நம் ஊரில் யாரும் வெயில் என்றே சொல்வதில்லை. மதுரையும் திருச்சியும் வேலூரும் மாசி முடிவதற்குள் அதைத் தாண்டிவிடுகின்றன.

அந்த வயலை வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பயிர் பச்சையாக நிற்கும், இலை வாடியிருக்காது. மணி முற்ற வேண்டிய நாளில் கதிர் தலை கவிழாமல் விறைத்து நிற்கும்போதுதான் விவசாயிக்கு வயிறு கலங்கும். மருந்தடிக்கத் தவறியதாலா, உரம் போதாததாலா, விதை சரியில்லாததாலா என்று அவர் தன்னையும் கடைக்காரரையும் மாறி மாறிக் குறை சொல்லிக்கொள்வார். பல நேரங்களில் குற்றவாளி, சில வாரங்களுக்கு முன் வந்துபோன ஒரு சில காலை வேளைகளின் வெப்பம்.

நெல் இலை 40 டிகிரியைத் தாண்டிய வெயிலிலும் பிழைத்துக்கொள்கிறது. அதே செடியின் பூ 34 டிகிரியில் ஏன் தோற்கிறது? இதற்கு விடை வேண்டுமென்றால் செல்லுக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும்.

முதல் சில நிமிடங்கள்

சூடு ஏறியதை ஒரு செடி முதலில் உணரும் இடங்களில் முக்கியமானது செல்லைச் சுற்றியுள்ள சவ்வு. சவ்வு என்பது கொழுப்பு மூலக்கூறுகளால் ஆன இரட்டைப் படலம். மார்கழியில் உறைந்து சித்திரையில் இளகும் தேங்காயெண்ணெயைப் போல, அந்தக் கொழுப்பும் சூட்டுக்குத் தக்கபடி இறுகும், தளரும். தளர்ந்த சவ்வில் பதிந்திருக்கும் வாயில்கள் திறந்து கால்சியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. அடுத்தடுத்து நடப்பவற்றுக்கு அந்தக் கால்சியப் பாய்ச்சல் ஓர் அபாய அறிவிப்பு. நாள் கணக்கில் வெயில் நீடித்தால் செடி சவ்வின் கொழுப்பையே மாற்றிக்கொள்ளும். எளிதில் உருகும் வகைக் கொழுப்பைக் குறைத்து, இறுக்கமான வகையைக் கூட்டும்.

அடுத்த சேதம் புரதங்களில். ஒவ்வொரு புரதமும் ஒரு நீண்ட இழை. அதற்குரிய வடிவில் மடிந்திருந்தால்தான் வேலை செய்யும். சூட்டில் மடிப்பு அவிழ்கிறது. நீருக்கு எட்டாமல் உள்ளே மறைந்திருந்த பகுதிகள் வெளியே வந்து, பக்கத்தில் அவிழ்ந்து கிடக்கும் இன்னொரு புரதத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. இப்படி ஒட்டிக்கொண்டே போய்க் கட்டியானால், வேலை செய்ய ஆளில்லாமல் போவதோடு அந்தக் கட்டியே செல்லுக்கு நஞ்சாகிறது.

இதைத் தடுக்கும் ஏற்பாடு எல்லா உயிர்களிலும் இருக்கிறது. அது கண்டுபிடிக்கப்பட்டது செடியில் அல்ல, ஒரு பழ ஈயில். 1960களின் தொடக்கத்தில் இத்தாலியில் ஃபெருச்சியோ ரிட்டோசா என்ற இளம் ஆய்வாளர் பழ ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியில் உள்ள குரோமோசோம்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆய்வகத்தில் யாரோ ஒருவர் அடைகாக்கும் பெட்டியின் வெப்பத்தைக் கூட்டிவிட, குரோமோசோமின் சில இடங்கள் மட்டும் புடைத்து நிற்பதை அவர் கண்டார். புடைப்பு என்றால் அங்கே உள்ள மரபணு மும்முரமாக இயங்குகிறது என்று பொருள். இதனால் உயிரியலுக்குப் பெரிய பயன் இல்லை என்று ஒரு முன்னணி ஆய்விதழ் அவருடைய கட்டுரையைத் திருப்பி அனுப்பியதாக அவரே பின்னாளில் எழுதினார். 1962ல் வேறோர் இதழில் அது வெளிவந்தது. அந்த மரபணுக்கள் தயாரிக்கும் புரதங்கள் 1974ல் அடையாளம் காணப்பட்டன. 1981ல் அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ஜோ கீயின் குழுவினர் சோயா நாற்றுகளிலும் அதையே கண்டார்கள். 40 டிகிரிச் சூட்டில் வைத்ததும் நாற்றுகள் வழக்கமான புரத உற்பத்தியை வெகுவாகக் குறைத்துக்கொண்டு புதிய சில புரதங்களைக் குவித்தன. இவற்றுக்கு வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்று பெயர்.

இவற்றை முடுக்கிவிடும் முறையின் சிக்கனம் வியக்க வைக்கிறது. வெயில் இல்லாத வேளையில், அதிர்ச்சி மரபணுக்களைத் தூண்ட வேண்டிய தூண்டிப் புரதத்தை, அதிர்ச்சிப் புரதங்களில் இரண்டே பிடித்துவைத்திருக்கின்றன. ஹெச்எஸ்பி 70, ஹெச்எஸ்பி 90 என்பவை அவை. சூடு ஏறி மற்ற புரதங்கள் அவிழத் தொடங்கினால், அவற்றைக் காப்பாற்ற இந்த இரண்டும் கிளம்பிப் போய்விடும். பிடி விட்டதும் தூண்டிப் புரதங்கள் மூன்று மூன்றாகச் சேர்ந்து செல்லின் கருவுக்குள் நுழைந்து மரபணுக்களை இயக்கும். சேதம் எவ்வளவோ அவ்வளவுக்கே உதவி கிளம்பும். வேலை முடிந்து ஹெச்எஸ்பி 70க்கு ஓய்வு கிடைத்ததும் தூண்டிப் புரதம் மறுபடி பிடிக்குள் வந்துவிடும். மனித உடலில் இத்தகைய தூண்டிப் புரதங்கள் விரல்விட்டு எண்ணுமளவே உண்டு. நெல்லில் 25 இருக்கின்றன. வெயிலில் நிழல் தேடி ஒதுங்க முடியாத உயிருக்கு இத்தனை வகை தேவைப்பட்டிருக்கிறது.

கட்டியாகிவிட்ட புரதத்தைக் கூடப் பிரித்தெடுக்க ஹெச்எஸ்பி 101 என்று ஒன்று உண்டு. ஒட்டிக் கிடக்கும் இழைகளை ஒவ்வொன்றாக உருவி மறுபடி மடிய விடுவது அதன் வேலை. ஆய்வகங்களில் பயன்படும் அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் அந்த ஒரு மரபணுவை மட்டும் செயலிழக்கச் செய்து 2000ம் ஆண்டில் சோதித்தார்கள். குளிர்ந்த சூழலில் அந்தச் செடிக்கு ஒரு குறையும் இல்லை. சூடேற்றியபோதுதான் வேறுபாடு வெளிப்பட்டது. சாதாரணச் செடியை முதலில் ஒன்றரை மணி நேரம் 38 டிகிரியில் பழக்கிவிட்டு, பிறகு 45 டிகிரியில் வைத்தால் பிழைக்கும். ஹெச்எஸ்பி 101 இல்லாத செடியை எவ்வளவு பழக்கினாலும் செத்துவிடும்.

படிப்படியாக ஏறும் வெயிலைத் தாங்கும் பயிர், திடீரென்று ஒரே நாளில் ஏறும் வெயிலில் ஏன் கருகுகிறது என்பதற்கு இதில் விளக்கம் இருக்கிறது. பழகுவதற்கு அதற்குச் சில மணி நேரம் வேண்டும். முதல் நாள் மிதமான சூட்டில் சேர்த்துவைத்த புரதங்கள்தான் மறுநாள் காப்பாற்றுகின்றன.

வெயில் வேறு, வெளிச்சம் வேறு

வெயில் நாளில் சூடும் வெளிச்சமும் சேர்ந்தே வருகின்றன. சூடு ஏறும்போது ஒளிச்சேர்க்கையின் ஒரு பாதி நிற்கிறது, மறு பாதி நிற்பதில்லை. சங்கடம் அங்கேதான்.

காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் நொதியின் பெயர் ரூபிஸ்கோ. அது உறுதியானது, 50 டிகிரியையும் தாங்கக்கூடியது. ஆனால் அதைச் செயல்படும் நிலையில் வைத்திருக்க ரூபிஸ்கோ ஆக்டிவேஸ் என்ற துணை நொதி வேண்டும். அந்தத் துணைதான் மிக மென்மையானது. பல பயிர்களில் 35 டிகிரியைத் தாண்டினாலே அது தளரத் தொடங்குகிறது. போதாததற்கு, சூடு கூடக் கூட ரூபிஸ்கோ கரியமில வாயுவுக்குப் பதிலாக ஆக்சிஜனைப் பிடிக்கும் தவறையும் அதிகம் செய்கிறது. அந்தத் தவறைத் திருத்தவே செடி கணிசமான ஆற்றலைச் செலவழிக்க வேண்டியிருக்கிறது. மக்காச்சோளம், சோளம், கம்பு, கேழ்வரகு, கரும்பு ஆகியவை கரியமில வாயுவை முதலில் வேறொரு நொதியால் பிடித்து, ரூபிஸ்கோவைச் சுற்றி அடர்த்தியாகத் தேக்கிவைத்துக்கொள்கின்றன. எனவே அவற்றில் இந்தத் தவறு மிகக் குறைவு. மானாவாரி நிலத்தில் கம்பும் கேழ்வரகும் வெயிலை நின்று எதிர்கொள்வதற்கு இது ஒரு பெரிய காரணம்.

ரூபிஸ்கோ மந்தமானாலும் இலையின் பச்சையம் வெளிச்சத்தை வாங்கிக்கொண்டேதான் இருக்கும். வாங்கிய ஆற்றலைச் செலவழிக்க வழியில்லாதபோது எலக்ட்ரான்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற மூர்க்கமான மூலக்கூறுகளை உண்டாக்குகின்றன. அவை சவ்வின் கொழுப்பை அரிக்கும், புரதத்தைச் சிதைக்கும், பச்சையத்தை வெளுக்க வைக்கும். செடி இதற்கும் ஆயத்தமாகவே இருக்கிறது. ஒரு நொதி சூப்பராக்சைடைப் பெராக்சைடாக மாற்றும். கேட்டலேஸும் அஸ்கார்பேட் பெராக்சிடேஸும் பெராக்சைடைத் தண்ணீராக்கும். பெராக்சிடேஸின் வேலையில் செலவாவது வைட்டமின் சி. செலவான வைட்டமினைப் புதுப்பிப்பது குளுட்டத்தயோன். வெப்பம் தாங்கும் ரகங்களையும் தாங்காத ரகங்களையும் பக்கம் பக்கமாக வைத்து அளந்தால், இந்த நொதிகளின் வேகத்தில் வேறுபாடு தெரிவது வழக்கம்.

ஹைட்ரஜன் பெராக்சைடை முழு எதிரி என்று ஒதுக்கிவிட முடியாது. சிறு அளவில் அது இலைக்கு இலை செய்தி கொண்டுபோகும் தூதுவன். ஓர் இலையில் சூடு பட்டால் தொலைவில் உள்ள இலை தயாராவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆக்சிஜனேற்றத் தடுப்பு மருந்து என்று சொல்லி விற்கப்படும் எதையும் கண்மூடித் தெளித்தால் நல்லது நடக்கும் என்று நம்பக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

இன்னொரு சிக்கலையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆய்வகத்தில் வெப்பம் தனியாக வரும். வயலில் வறட்சியையும் கூட்டிக்கொண்டு வரும். வெப்பம் மட்டும் என்றால் செடி இலைத்துளைகளைத் திறந்து நீராவியை விட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். வறட்சி என்றால் துளைகளை மூடித் தண்ணீரைச் சேமிக்கும். இரண்டும் சேர்ந்தால் எதைச் செய்தாலும் நட்டம். ரான் மிட்லரின் ஆய்வுக்குழு 2004ல் அரபிடாப்சிஸில் ஒன்றைக் கவனித்தது. வறட்சியில் செடி புரோலின் என்ற அமினோ அமிலத்தைக் குவித்துத் தன்னைக் காத்துக்கொள்ளும். வறட்சியோடு வெப்பமும் சேர்ந்தால் புரோலினைக் கைவிட்டு அந்த இடத்தில் சர்க்கரையைக் குவிக்கிறது. ஒவ்வொரு துன்பத்தையும் தனித்தனியே அளந்து கூட்டிப் பார்த்தால் இரண்டும் சேர்ந்து வரும்போது நடப்பது புரியாது. வெறும் வெப்ப அறையில் தேறிய ரகத்தை அப்படியே ராமநாதபுரத்துக்கு அனுப்ப முடியாது.

நெல்லுக்குத் தண்ணீர் எவ்வளவு பெரிய குடை என்பதை ஆஸ்திரேலியாவின் ரிவரினா பகுதி காட்டுகிறது. அங்கே காற்று மிக வறண்டது. நீர் தேக்கிவைத்த வயலில் கதிரின் சூடு காற்றைவிட 6 டிகிரிக்கும் மேல் குறைவாக இருந்ததை அளந்திருக்கிறார்கள். ஈரக் காற்று வீசும் கடலோர டெல்டாவில் நீராவி அவ்வளவு எளிதில் வெளியேறாது. கதிரும் அந்த அளவு குளிராது. வெப்பமானியில் ஒரே 36 டிகிரி காட்டினாலும், நாகப்பட்டினத்து நெற்பூவுக்கு அது கூடுதல் கொடுமை.

பூவுக்கு இல்லாத காவல்

இத்தனை பாதுகாப்பும் இலையில் இருக்கிறது. மகரந்தத்தில்தான் இல்லை.

1990ல் மக்காச்சோளத்தை வைத்து இதைத் தெளிவாகக் காட்டினார்கள். சூடேற்றியதும் சூலகம் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களைத் தயாரித்தது. முதிர்ந்த மகரந்தம் தயாரிக்கவில்லை. முளைப்பதற்கு வேண்டியதை எல்லாம் முன்கூட்டியே கட்டிவைத்துக்கொண்டு புறப்படும் துகள் அது. வழியில் ஆபத்து வந்தால் புதிதாக எதையும் செய்துகொள்ளும் வசதி அதற்கு மிகக் குறைவு.

அந்தக் கட்டிவைக்கும் வேலையிலும் வெயில் கை வைக்கிறது. பூப்பதற்கு ஒன்றரை வாரத்துக்கு முன், கதிர் தொண்டையில் இருக்கும்போது, மகரந்தத் தாய்ச்செல்கள் பிரிகின்றன. மகரந்தப் பையின் உட்சுவர்ச் செல்கள்தான் அவற்றுக்குச் சர்க்கரை ஊட்டி வளர்ப்பவை. சூட்டில் அந்தச் சுவர் காலத்துக்கு முன்பே சிதைந்தால் மகரந்தத்துக்குள் மாவுச்சத்து சேராது. வெளித்தோற்றத்தில் மகரந்தம் இருக்கும். முளைப்பதற்கு எரிபொருள் இருக்காது.

பூக்கும் நாளில் இரண்டாவது கண்டம். மகரந்தம் பொட்டாசியத்தை உறிஞ்சி ஊதிப் பெருத்தால்தான் பை வெடிக்கும். சூட்டில் அந்த ஊதல் நடக்காமல் பை வெடிக்கத் தவறுகிறது. அல்லது வெடித்தும் சூலகமுடியில் போதுமான துகள்கள் விழுவதில்லை. விழுந்தவை முளைத்துக் குழாய் நீட்டி ஒரே ஒரு சூலை அடைய வேண்டும். உயிரோடிருக்க மகரந்தத்துக்குக் கிடைப்பது சில நிமிடங்கள் மட்டுமே. பயிரின் நான்கு மாத உழைப்பும் நம்முடைய சோறும் அந்தச் சில நிமிடங்களை நம்பி நிற்கின்றன.

இரவு செய்யும் திருட்டு

பகல் வெயிலைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். இரவைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. பிலிப்பைன்ஸில் லாஸ் பான்யோஸ் என்ற இடத்தில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் தன் பண்ணையின் வானிலையை ஆண்டு தவறாமல் பதிந்துவைத்திருந்தது. 1979 முதல் 2003 வரையிலான அந்தப் பதிவுகளில் பகலின் உச்ச வெப்பம் 0.35 டிகிரிதான் கூடியிருந்தது; இரவின் குறைந்தபட்ச வெப்பமோ 1.13 டிகிரி கூடியிருந்தது. அந்த நிறுவனத்தின் ஷாவ்பிங் பெங்கும் உடன் ஆய்வாளர்களும் 2004ல் வெளியிட்ட முடிவு உலகை உலுக்கியது: வறண்ட பருவ நெல்லில் இரவு வெப்பம் ஒரு டிகிரி கூடும்போது விளைச்சல் 10 சதவீதம் குறைகிறது. சூரிய ஒளி குறைந்ததும் சேர்ந்துதான் இந்தச் சரிவு என்று வாதிட்டவர்கள் உண்டு. ஆனால் கட்டுப்படுத்திய சோதனைகள் பலவற்றிலும் சூடான இரவு நெல்லுக்குத் தீங்கு என்பது உறுதியாகியிருக்கிறது.

செடி இரவில் உண்டாக்குவதில்லை. செலவழிக்க மட்டுமே செய்கிறது. பகலில் சேர்த்த சர்க்கரையை மைட்டோகாண்ட்ரியாக்கள் இரவில் எரித்து உயிர் வளர்க்கின்றன. வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்த எரிப்பு வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும். மணிக்குள் போக வேண்டிய சர்க்கரை, சேதமான சவ்வையும் புரதத்தையும் பழுதுபார்க்கவே கரைகிறது. சிவப்பு ஒளியை உணரும் ஃபைட்டோகுரோம் பி என்ற நிறமிப் புரதம் இரவின் சூட்டையும் உணர்கிறது என்பதை 2016ல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் ஒரே நேரத்தில் வெளியிட்டன. சூடான இரவைச் செடி அறிந்துகொண்டே தன் வளர்ச்சியை அவசர அவசரமாக நகர்த்துகிறது. நாள் குறையும், மணி நிரம்பும் காலமும் சுருங்கும்.

மணிக்குள் நடப்பது

2022 மார்ச் வட இந்தியக் கோதுமைக்கு வந்த சோதனை பலருக்கு நினைவிருக்கும். 1901ல் தொடங்கிய பதிவுகளில் நாட்டின் மார்ச் மாதப் பகல் வெப்பம் அந்த அளவு ஏறியதில்லை. கோதுமை அப்போது பால் பிடிக்கும் பருவத்தில் இருந்தது. 11.13 கோடி டன் கிடைக்கும் என்று மதிப்பிட்டிருந்த அரசு, கடைசியில் 10.77 கோடி டன் என்று கணக்கை முடித்தது. மே 13 அன்று ஏற்றுமதிக்குத் தடை வந்தது. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் மணிகள் அந்த அளவு சூம்பியிருந்ததால், கொள்முதலில் சுருங்கிய மணிக்கு அனுமதித்த 6 சதவீத வரம்பை 18 சதவீதமாக உயர்த்த வேண்டியதாயிற்று.

சூம்பலின் காரணமும் ஒரு நொதிதான். மணிக்குள் வந்து சேரும் சர்க்கரையைக் கோத்து மாவுச்சத்தாக்குவது ஸ்டார்ச் சிந்தேஸ். கோதுமை மணியில் இந்த நொதி வெப்பத்துக்கு மிகவும் அஞ்சுவது. 30 டிகிரி வெப்பமே அதன் வேலையைக் கெடுக்கப் போதும். சர்க்கரை வாசல்வரை வந்து நிற்கும், கோக்க ஆளிருக்காது.

நெல்லில் இது வேறு விதமாக வெளிப்படுகிறது. சூட்டில் மாவுச்சத்தைக் கட்டும் மரபணுக்கள் தளர, அதை உடைக்கும் அமைலேஸ் நொதியின் மரபணு முனைப்பாகிறது. கட்டும்போதே கரைவதால் மாவுச்சத்துத் துகள்கள் நெருக்கமாக அடுக்கப்படாமல் இடையில் காற்று புகும். அரிசியின் நடுவிலோ வயிற்றுப் பகுதியிலோ சுண்ணாம்பு வெள்ளை தெரியும். ஆலையில் போட்டால் அந்த இடத்தில் உடைந்து நொய்யாகும். 2023 கோடையில் ஜப்பானின் நீகாதா மாகாணத்தில் பெயர்பெற்ற கோஷிஹிகாரி அரிசியில் சுமார் 5 சதவீதம் மட்டுமே முதல் தரம் பெற்றது. வழக்கமாகப் பெரும்பகுதி முதல் தரமாக வரும் அரிசி அது. அதே மாகாணத்தில் வெப்பம் தாங்குமாறு உருவாக்கிய ஷின்னோசுகே ரகம் பெரும்பாலும் முதல் தரத்திலேயே தேறியது. ஒரே மாகாணத்தில் ஒரே கோடையில் நின்ற இரண்டு ரகங்கள் இவை. ரகத் தேர்வால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டாம்.

நம்மிடம் உள்ள மரபுச் செல்வம்

உலகில் வெப்பம் தாங்கும் நெல்லுக்கு அளவுகோலாக வைத்திருக்கும் ரகம் நம் நாட்டுடையது. உத்தரப்பிரதேசத்தின் நாகினாவில் தேர்வு செய்யப்பட்ட என் 22. பூக்கும்போது 38 டிகிரியில் வைத்துச் சோதித்தபோது என் 22ல் 71 சதவீதப் பூக்கள் மணி பிடித்தன. ஆசியா முழுவதும் பரவிய ஐஆர் 64ல் 48 சதவீதம். மேற்கு ஆப்பிரிக்காவின் மோரோபெரகானில் 18 சதவீதம். ஜகதீஷும் குழுவினரும் 2010ல் அந்த மகரந்தப் பைகளின் புரதங்களைப் பிரித்துப் பார்த்தபோது, வெப்ப அதிர்ச்சிப் புரதம் என் 22ல்தான் மற்றவற்றைவிட முனைப்பாகக் கூடியிருந்தது. மற்ற நெல்லின் பூ இழந்த காவலை என் 22 ஓரளவு வைத்திருக்கிறது.

ஆப்பிரிக்க நெல்லிலிருந்து இன்னொரு வழி கிடைத்திருக்கிறது. ஷாங்காயில் லின் ஹோங்சுவானின் குழு 2015ல் கண்டுபிடித்த டிடி 1 மரபணு, கெட்டுப்போன புரதங்களை அரைத்துத் தள்ளும் இயந்திரத்தின் ஒரு பாகத்தைத் தயாரிக்கிறது. ஆப்பிரிக்க நெல்லின் டிடி 1 அந்த அரைப்பை வேகப்படுத்துகிறது. அதே குழு 2022ல் டிடி 3 என்ற இடத்தில் இரண்டு மரபணுக்களை அடையாளம் கண்டது. சவ்விலிருக்கும் ஒன்று சூட்டை உணர்ந்து உள்ளே நகர்ந்து, பசுங்கணிகத்தைக் கெடுக்கும் மற்றொரு புரதத்தை அழிக்க வழிசெய்கிறது.

எனக்கு இவற்றைவிடப் பிடித்தது ஒஃபிசினாலிஸ் என்ற காட்டு நெல் காட்டிய வழி. அது விடியற்காலையிலேயே பூத்து முடித்துவிடும். அந்தக் குணத்துக்குரிய குரோமோசோம் பகுதியை ஐஆர் 64ல் சேர்த்தபோது, பூக்கும் நேரம் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் முன்னால் வந்தது. சூட்டோடு மல்லுக்கட்டாமல் சூடு ஏறுமுன் வேலையை முடித்துக்கொள்ளும் இந்த வழியில் பயிருக்குக் கூடுதல் செலவே இல்லை.

செலவு என்பதை அழுத்திச் சொல்கிறேன். வெப்ப அதிர்ச்சிப் புரதங்களைத் தயாரிக்கவும் இயக்கவும் ஆற்றல் வேண்டும். எந்நேரமும் அந்தக் காவலை இயங்கவிடுமாறு மரபணு மாற்றிய செடிகள் பல குட்டையாகிப்போயின. செடி தன்னைக் காக்கச் செலவழிக்கும் ஒவ்வொரு சர்க்கரை மூலக்கூறும் மணிக்குள் போகாதது. ஆகவே அதிகக் காவல் உள்ள ரகம் என்ற விளம்பரத்தைவிட, தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் நேரத்தில் காவல் உள்ள ரகம்தான் நமக்கு வேண்டும்.

இப்போது செய்யக்கூடியது

தமிழ்நாட்டில் நவரை பங்குனியில் பூக்கிறது. சொர்ணவாரி ஆடியில், குறுவை ஆவணியில். மூன்றும் ஆபத்தான பருவங்கள். நவரையில் நடவை இரண்டு வாரம் முன்னால் தள்ள முடிந்தால், பூப்பு மாசியின் பின்பகுதிக்குள் வந்துவிடும். தண்ணீர் விடும் தேதியும் ஆள் கிடைப்பதும் ஒத்துவர வேண்டும் என்பது தெரிந்ததுதான். ஆனால் ஒரு வயலில் செய்யக்கூடிய மாற்றங்களில் பைசா செலவில்லாதது இது. பூக்கும் வாரத்தில் வயல் காயாமல் இருக்க வேண்டும். நாள் முழுக்க வெயிலில் கொதித்த நீரை மாலையில் வடித்துப் புதுநீர் பாய்ச்ச வசதியுள்ளவர்கள் அதைச் செய்தால் இரவின் சூடு குறையும். சாம்பல் சத்தை அடியுரத்தோடு முடித்துவிடாமல் கதிர் உருவாகும் தருணத்திலும் பிரித்து இட வேண்டும். இலைத்துளையின் திறப்பும் மகரந்தப் பையின் வெடிப்பும் பொட்டாசியத்தை நம்பியவை.

நெல் தரிசு உளுந்தில் மாசிக்குப் பின் பூ கொட்டுவது டெல்டாவின் பழைய கவலை. பூக்கும்போதும் பதினைந்து நாள் கழித்தும் 2 சதவீத டிஏபி கரைசல் தெளிப்பதும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பல்ஸ் ஒண்டர் என்ற ஊட்டக் கலவையைத் தெளிப்பதும் பூ உதிர்வைக் குறைக்கின்றன. இலையின் மேல் வாழும் மெத்தைலோபாக்டீரியம் என்ற இளஞ்சிவப்பு நிற நுண்ணுயிரையும் வறட்சி தாங்க அதே பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. இவை உதவிகள்தான், 40 டிகிரியில் மகரந்தத்தை உயிர்ப்பிக்கும் மருந்து எந்தக் கடையிலும் இல்லை.

நம் ரகக் குறிப்புகளில் வயது, ஏக்கர் விளைச்சல், குலைநோய் எதிர்ப்பு, அரிசியின் பருமன் எல்லாம் இருக்கும். எத்தனை மணிக்குப் பூக்கும், 38 டிகிரியில் எத்தனை சதவீதம் மணி பிடிக்கும், சூடான இரவில் எவ்வளவு இழக்கும் என்ற மூன்றும் அரிதாகவே இருக்கும். பூக்கும் நேரத்தைக் காலையில் வயலில் நின்றாலே குறித்துவிடலாம். மற்ற இரண்டுக்கும் வெப்ப அறையும் இரவில் சூடேற்றும் வயல் கூடாரமும் போதும். பல்கலைக்கழகங்களுக்கு அவை எட்டாத பொருள் அல்ல. இந்த மூன்று எண்களும் இல்லாமல் இனி ஒரு கோடைப்பருவ நெல் ரகத்தை வெளியிடக் கூடாது என்று வேளாண் துறை விதி செய்ய வேண்டும். அதுவரை, விதை வாங்கப் போகும் விவசாயிகள் எத்தனை மூட்டை விளையும் என்று கேட்கும்போதே, இது எத்தனை மணிக்குப் பூக்கும் என்றும் கேளுங்கள்.